விடியோ பாத்து பூல் பழகிறது: திருகோணமலைப் பொடியள் திரும்பத் திரும்பக் கேக்கிற கேள்விகள்

உப்புவெளிப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ்ன்ர பின் விறாந்தையில ஒரு பழைய ஏழடி பூல் டேபிள் (கியூ எண்டுற தடியால பந்தை அடிச்சு பொக்கட்டுக்குள்ள போடுற விளையாட்டு) கிடக்குது, வேலை முடிஞ்சா கிழமைல மூண்டு நாள் நான் அங்கதான். அங்க வாற பொடியள் முழுக்கப் பேரும் போன்ல விடியோ பாத்துத்தான் பழகிறாங்கள், கேக்கிறதும் ஒரே கேள்வியள்தான். வாயால சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போய் இதை எழுதுறன். நான் கோச் ஒண்டும் இல்லை, கனகாலமாப் பிழையா அடிச்சு கொஞ்சம் கொஞ்சமாத் திருத்தின ஆள், அவ்வளவுதான்.

அண்ணா, யூடியூப் மட்டும் பாத்து பூல் பழகேலுமா, இல்ல சும்மா டேட்டா தான் முடியுமா?

பழகேலும், ஆனா ஒரு விசயம் விளங்கோணும். விடியோல வாற ஆள் தன்ர கையைக் காட்டுவார், உங்கட கையை அவர் காணமாட்டார். நான் முதல் ஆறு மாசம் இரவிரவா விடியோ பாத்தனான், ஸ்டான்ஸ், கிரிப், எய்ம் எண்டு எல்லாம் வாய்ப்பாடமாச் சொல்லுவன், ஆனா விளையாட்டு இருந்த இடத்திலதான் இருந்துது. பிறகு ஒரு நாள் டேபிளுக்குப் பின்னால கதிரையில தண்ணிப் போத்தலோட போனைச் சாத்தி வைச்சு என்னையே எடுத்தன். பாத்தா பந்தில அடிக்கிற அந்த நொடியில தலை கோழி மாதிரி மேல எழும்புது, முழங்கை வெளியால போகுது. அதுக்கு முதல்நாள் கேட்டிருந்தா நான் நேராத்தான் அடிக்கிறன் எண்டு கோணேசர் மேல சத்தியம் பண்ணியிருப்பன்.

அதால என்ர கணக்கு என்னெண்டா கிழமைக்கு ஒரு விடியோ, அதுல ஒரே ஒரு விசயம், அதைச் செய்யேக்க உங்களை நீங்களே எடுக்கோணும். ஒரு இரவில பதினைஞ்சு விடியோ பாக்கிறது படம் பாக்கிற மாதிரித்தான், பொழுது போகும்.

எனக்கு ஒண்டுமே தெரியாது, எந்த விடியோல தொடங்கிறது?

நேரா அடிக்கிற விடியோல. கலர் கலரா பந்து சுத்துற விடியோவை இப்ப தொடவேண்டாம். தேடேக்க "ஸ்டோப் ஷாட்" எண்டு தேடுங்கோ. வெள்ளைப் பந்தும் மற்றப் பந்தும் பொக்கட்டும் ஒரே கோட்டில, அடிச்சா மற்றது பொக்கட்டுக்குள்ள போகோணும், வெள்ளை அதே இடத்தில செத்தமாதிரி நிக்கோணும். வெள்ளை இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்ந்தா ஒண்டில் முழுசாப் பிடிக்கேல்ல, இல்லாட்டி தெரியாமலே சுழற்றிப் போட்டீங்கள். இந்த ஒரு ஷாட் காட்டிக்குடுக்கிற அளவுக்கு வேற எதுவும் காட்டிக்குடுக்காது.

ஆக்கள் எண்டு கேட்டா எனக்குப் பிடிச்சது டொக்டர் டேவ், அமெரிக்காவில கொலராடோ ஸ்டேட் யூனிவர்சிட்டியில மெக்கானிக்கல் என்ஜினியரிங் படிப்பிச்சவர். ஆள் கதைக்கிறது கொஞ்சம் வகுப்பு மாதிரி இருக்கும், ஆனா ஹை ஸ்பீட் கமராவில எடுத்துக் காட்டுவார், "எனக்கு அப்பிடித் தோணுது" எண்டு சும்மா அளக்கமாட்டார்.

வீட்டில டேபிள் இல்லையே, எங்க போய் அடிக்கிறது?

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் டேபிள் இருக்கிற இடம் இருக்குது, ஆனா மே மாசத்தில இருந்து செப்டெம்பர் வரை சீசன், வெள்ளைக்காரர் வரிசையில நிப்பினம், உங்களுக்கு இடம் கிடையாது. மாரி தொடங்கினாப் பிறகு டேபிள் சும்மா கிடக்கும், உரிமையாளரோட முகம் பழகி வைச்சா ஒரு மணித்தியாலம் தனிய அடிக்க விடுவார். கியூ நுனிக்குப் பூசுற சோக்கைத் துணியில கொட்டாமல், டேபிள்ல குந்தாமல் இருந்தீங்களெண்டா அடுத்த முறையும் விடுவார்.

டேபிள் இல்லாத நாளுக்கு ஒரு வேலை இருக்குது. மேசையில வெறும் சோடாப் போத்தலைப் படுக்கப் போட்டு, கியூவை அந்த வாய்க்குள்ள விட்டு விட்டு எடுங்கோ, கண்ணாடியில தட்டக்கூடாது. கியூ இல்லாட்டி தும்புத்தடிப் பிடியும் காணும், ஆனா மொத்தமான தடியெண்டா வாய் அகலமான போத்தல் பாருங்கோ. அம்மா ஒரு மாதிரிப் பாப்பா, அதைப் பொறுக்கத்தான் வேணும்.

நானா, நான் கரம்போர்ட் நல்லா வெளையாடுவன், அது பூலுக்கு ஒதவுமா?

கிண்ணியாவில இருந்து வாற ஒரு தம்பி கேட்டது. கோணம் பாக்கிற கண் கட்டாயம் உதவும், எந்தக் காயை எங்க தொட்டா எங்க போகும் எண்டுறது உங்களுக்கு ஏற்கனவே தெரியும். கரையில பட்டு வாற கணக்கும் கொஞ்சம் உதவும்.

குழப்புறது ஒண்டு இருக்குது. கரத்தில ஸ்ட்ரைக்கர் தட்டை, பவுடர்ல வழுக்கிக்கொண்டுதான் போகும். பந்து அப்பிடி இல்லை, துணியில உருளும். அடிச்ச உடன கொஞ்சத் தூரம் வழுக்கி, பிறகு துணி பிடிச்சு முன்னுக்கு உருளத் தொடங்கும். வழுக்கேக்க பட்டா ஒரு பக்கம் போகும், உருளேக்க பட்டா வேற பக்கம் போகும். கரம் ஆக்கள் தடுமாறுறது முழுக்க இதிலதான், கீழ 90 பாகைக் கேள்வியில திரும்ப வாறன்.

ஸ்னூக்கர் விடியோவும் கனக்க வருதே, அதைப் பாத்தா காணாதா?

கியூவை நேராத் தள்ளுறதுக்கு ஸ்னூக்கர் விடியோதான் திறம். 12 அடி டேபிள், பொக்கட் வாய் வளைஞ்சிருக்கும், கொஞ்சம் கோணினாலும் உள்ள விடாது, அதால அவங்கள் நேரா அடிக்கிறதைச் சமயம் மாதிரிப் பிடிச்சுக்கொண்டு இருப்பாங்கள். ஆனா ஸ்னூக்கர் பந்து 52.5 மில்லிமீற்றர், பூல் பந்து 57 கிட்ட, பாரமும் கூட, கியூ நுனியும் பூல்ல மொத்தம். அதால வெள்ளை எவ்வளவு தூரம் ஓடும், எவ்வளவு பின்னுக்கு வரும் எண்டுற கதையளை பூல் விடியோலதான் பாக்கோணும்.

இடக்கையை எப்பிடி வைக்கிறது? ஒவ்வொருத்தன் ஒவ்வொரு மாதிரிக் காட்டுறான்

பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில வி மாதிரிப் பள்ளம் வைச்சு அதில கியூவை ஓடவிட்டா திறந்த பிரிட்ஜ், சுட்டுவிரலால கியூவைச் சுத்திப் பிடிச்சா மூடின பிரிட்ஜ். திறந்ததுல தொடங்குங்கோ. எங்கட வேர்வைக்கு மூடின பிரிட்ஜ்ல கியூ ஒட்டிக்கொண்டு நிக்கும், ஒரு கையுறை வாங்கிற வரைக்கும் கரைச்சல்தான். எந்த பிரிட்ஜ் எண்டுறதைவிட கை டேபிள்ல அசையாமல் நிக்குதா எண்டு பாருங்கோ.

எனக்கு இங்கிலிஸ் பெருசா விளங்காது, தமிழ் சப்டைட்டில் போட்டுப் பாக்கலாமா?

பாக்கலாம், சிரிப்பும் வரும். அமெரிக்கக்காரர் பந்தைப் பக்கவாட்டில சுழற்றிறதை "இங்கிலிஷ்" எண்டுதான் சொல்லுவினம். தானாத் தமிழாக்கிற சப்டைட்டில்ல எனக்கு வந்தது "கொஞ்சம் இடது ஆங்கிலம் பயன்படுத்துங்கள்". ஒரு பொடியன் உண்மையாவே வந்து கேட்டான், இடது ஆங்கிலம் எண்டா என்ன அண்ணா, பிரிட்டிஷா அமெரிக்கனா எண்டு.

ஐஞ்சாறு சொல்லுத் தெரிஞ்சா காணும். நடுவுக்கு மேல அடிச்சு வெள்ளையை முன்னுக்கு ஓட விடுறது ஃபொலோ, கீழ அடிச்சுப் பின்னுக்கு இழுக்கிறது ட்ரோ, சுழற்சியே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய்ப் படுறது ஸ்டன், கோணத்தில வெட்டுறது கட், முதல்ல கரையில பட்டுப் பிறகு பந்தில படுறது கிக், பந்தைக் கரையில அடிச்சு பொக்கட்டில போடுறது பாங்க். மிச்சத்துக்குச் சத்தத்தை நிப்பாட்டிப் போட்டுக் கையைப் பாருங்கோ. விடியோவை 0.25 வேகத்தில வைச்சு முழங்கை எப்ப விழுது, தலை எப்ப எழும்புது எண்டு பாக்கிறதுக்குப் பாசையே தேவையில்லை.

கோஸ்ட் போல் எண்டு ஒண்டு சொல்லுறாங்களே, அது என்ன பேய்ப் பந்தா?

பேய்தான், கண்ணுக்குத் தெரியாது. போடவேண்டிய பந்துக்குப் பின்னால, பொக்கட்டுக்கு நேர் எதிர்ப்பக்கமா, ஒரு பந்து ஒட்டிக்கொண்டு இருக்குதெண்டு நினையுங்கோ. உங்கட வெள்ளை போய் நிக்கவேண்டிய இடம் அதுதான். இலக்கு பந்தின்ர நடுவில இருந்து பேய்ப் பந்தின்ர நடுவுக்கு ஒரு முழுப்பந்து தூரம், அதாவது 57 மில்லிமீற்றர். முதல்ல உண்மையாவே ஒரு பந்தை அதில வைச்சு, பின்னால போய் நிண்டு பாத்து, பிறகு அதை எடுத்துட்டு அடிச்சுப் பழகுங்கோ.

கனபேர் விடுற பிழை, பந்தில பொக்கட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கிற அந்தத் தொடுபுள்ளியை நோக்கி வெள்ளையின்ர நடுவை விடுறது. அப்பிடி விட்டா மொத்தமாத்தான் படும், அதாவது வேண்டியதைவிடப் பந்தின்ர கூடின பகுதியில, ஏனெண்டா வெள்ளைக்கும் உடம்பு இருக்குது, நடு அங்க போய்ச் சேர முதலே அதின்ர பக்கம் பட்டிடும். உங்கட கண்ணைச் சோதிக்க ஒரு அளவு வைச்சுக்கொள்ளுங்கோ: வெள்ளையின்ர நடு மற்றப் பந்தின்ர விளிம்பை நேராப் பாத்தா அது அரைப்பந்து, பந்து 30 பாகை வெட்டிப் போகும்.

சொன்ன மாதிரியே பாத்துத்தான் அடிக்கிறன், பந்து மட்டும் போகுதில்ல, ஏன்?

ரெண்டு காரணம், எதெண்டு கண்டுபிடிக்காமல் திருத்த வெளிக்கிட்டா மோசமாப் போகும். பத்தில ஒன்பது பேருக்கு, பாத்தது ஒரு இடம், கியூ போனது வேற இடம். போனைப் பொக்கட்டுக்குப் பின்னால, உங்கட முகத்தைப் பாத்தமாதிரி வைச்சு எடுங்கோ. கியூ கடைசித் தள்ளுதலில ஒரு பக்கம் சாயுதெண்டா பேய்ப் பந்தில பிழையில்லை, கையிலதான் பிழை, ஸ்டோப் ஷாட்டுக்குத் திரும்பிப் போங்கோ.

மற்றக் காரணம் கொஞ்சம் நுணுக்கம். ரெண்டு பந்தும் படேக்க உராய்வு இருக்குது, அது இலக்கு பந்தைக் கொஞ்சம் இழுத்துப் பேய்ப் பந்துக் கணக்கைவிட மொத்தமாப் போகப் பண்ணும். இதுக்குப் பேர் த்ரோ. மெதுவா ஸ்டன்ல வெட்டேக்க கூட வரும், பந்து அழுக்கெண்டா இன்னும் கூட. எங்கட டேபிள் பந்தெல்லாம் சன் கிரீமும் வேர்வையும் பட்டுப் பிசுபிசுத்துக் கிடக்கிறது, அதை ஒரு ஈரத்துணியால துடைச்சு உலரவிட்டு அடிச்ச அண்டைக்கு என்ர கட் ஷாட் எல்லாம் திடீரெண்டு திருந்தினமாதிரி இருந்துது. துடைக்க ஏலாட்டி கொஞ்சம் மெல்லிசாப் பிடியுங்கோ.

ட்ரோ வருதே இல்ல. கீழதான் அடிக்கிறன், வெள்ளை அப்பிடியே நிக்குது

நீங்கள் கீழ அடிக்கேல்ல, அடிக்கிறதா நினைக்கிறீங்கள். பயத்தில கடைசி நேரம் கை நுனியைத் தூக்கும். துணி கிழிஞ்சிடும், பந்து பறந்திடும் எண்டு பயம், உரிமையாளர் வேற கண் வெட்டாமல் பாத்துக்கொண்டு நிப்பார். பக்கவாட்டில இருந்து ஸ்லோ மோஷன்ல எடுங்கோ, தெரியும். இன்னொண்டு, கியூவின்ர பின்பக்கத்தை மேல தூக்கிக்கொண்டு குத்துறது. அது வேண்டாம், இடக்கையைப் பதிச்சு, கியூவைக் கிடையா வைச்சு, பந்துக்கு அங்கால வரைக்கும் போக விடுங்கோ.

எவ்வளவு கீழ எண்டா நடுவில இருந்து விளிம்புக்குப் பாதித் தூரம்தான் எல்லை, அதுக்குக் கீழ போனா நுனி வழுக்கி மிஸ்கியூ. சோக்கை ஒவ்வொரு ஷாட்டுக்கும் போடுங்கோ, திருகி அரைக்காமல் தடவி. ரெண்டு பந்துக்கும் இடைத்தூரம் முதல்ல ஒரு சாண். தூரம் கூடக் கூட பின்சுழற்சியைத் துணி தின்னும், ரெண்டடி ஷாட்டில வந்தது ஐஞ்சடியில செத்துப்போறது அதாலதான்.

பந்து போகுது, ஆனா அடுத்த பந்துக்கு வெள்ளை ஒழுங்கா நிக்குதில்ல. 90, 30 எண்டு கணக்குச் சொல்லுறாங்களே?

இதுதான் எனக்குப் பிடிச்ச கேள்வி. பூலில பந்து போடுறது பாதிதான். எங்கட எம்.ஜே.எம். லாஃபிர் 1973ல பம்பாயில உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்டது மூண்டே மூண்டு பந்து வைச்சு விளையாடுற விளையாட்டில, அதில வெள்ளையைச் சொன்ன இடத்தில நிப்பாட்டத் தெரியாட்டி அடுத்த புள்ளி கிடையாது.

கணக்கு இதுதான். வெள்ளை வழுக்கிக்கொண்டு போய், முன்னுக்கோ பின்னுக்கோ சுழற்சி இல்லாமல் பட்டா, இலக்கு பந்து போற திசைக்கு 90 பாகையில விலகும். அதே வெள்ளை உருண்டுகொண்டு போய்ப் பட்டா, தான் வந்த திசையில இருந்து ஏறக்குறைய 30 பாகை விலகும். 90 எண்டுறது மற்றப் பந்து போற கோட்டில இருந்து, 30 எண்டுறது வெள்ளை வந்த கோட்டில இருந்து. இதைக் குழப்பிப்போட்டு "விடியோ பொய்" எண்டு வாறாங்கள். 30 கணக்கும் பந்தின்ர காற்பங்கில இருந்து முக்காற்பங்கு வரைக்கும் படுற ஷாட்டுக்குத்தான், மெல்லிசா உரசினாலோ கிட்டத்தட்ட முழுசாப் பட்டாலோ எடுபடாது.

கைவிரல் ரெண்டை வி மாதிரி விரிச்சா ஏறக்குறைய 30 பாகை. ஒரு விரலை வெள்ளை வாற கோட்டில வைச்சா மற்ற விரல் வெள்ளை போற வழியைக் காட்டும். போன கிழமை கிண்ணியாத் தம்பி மூலைப் பொக்கட் ஷாட் ஒண்டுக்கு இப்பிடி விரலை வைச்சுப் பாத்துட்டு "நானா, வெள்ளை மற்ற மூலையில விழப்போகுது" எண்டான். மெதுவா உருட்டினான், விழுந்துது. அதையே ஸ்டன்ல அடிச்சான், வெள்ளை பொக்கட்டுக்குக் கிட்டவும் போகேல்ல, கரையில பட்டு டேபிள் நடுவில நிண்டுது. அவன்ர முகத்தைப் பாத்திருக்கோணும்.

விடியோல பந்து எண்ணெய் மாதிரி ஓடுது, எங்கட டேபிள்ல இழுத்துப் பிடிக்குது. பிழை எனக்கா டேபிளுக்கா?

டேபிளுக்குத்தான், நிம்மதியா இருங்கோ. பெரிய விடியோக்காரர் விளையாடுறது ஒன்பதடி டேபிள், 100 அங்குலத்துக்கு 50 அங்குலம் ஆடுபரப்பு, சிமோனிஸ் மாதிரி மயிர் எழும்பாத துணி, ஏசி அறை. எங்கட டேபிள் கடற்கரையில இருந்து கூப்பிடு தூரம், உப்புக்காத்து, துணி ஈரத்தை உறிஞ்சும். மார்கழியில வாடை அடிக்கேக்க அதே ஷாட்டுக்கு அதே வேகம் காணாது. கரை ரப்பரும் பழசு. அதால "இந்த வேகத்தில அடியுங்கள்" எண்டு விடியோ சொன்னா அதை அப்பிடியே எடுக்காதேங்கோ, திசை எடுக்கலாம், வேகம் உங்கட டேபிள்ல நீங்களே அளக்கோணும். வந்த உடன வெள்ளையை ஒரு கரையில இருந்து மற்றக் கரைக்கு மெதுவா உருட்டிப் பாருங்கோ, கடைசியில எந்தப் பக்கம் சாயுதெண்டு தெரியும். எங்கட டேபிள் கடல்பக்கம் சாயும்.

சைட் ஸ்பின் எப்ப பழகிறது? அதுதானே ஸ்டைல்

ஸ்டைல்தான், அதுதான் பிரச்சினை. பக்கத்தில அடிச்ச உடன வெள்ளை நீங்கள் குறி வைச்ச கோட்டில போகாது, எதிர்ப்பக்கமாக் கொஞ்சம் விலகும், போகப் போக திரும்பவும் வளையலாம், பட்டாப் பிறகு த்ரோவும் மாறும். ஒரே நேரத்தில மூண்டு கணக்கு. ஸ்டோப் ஷாட் பத்துக்கு எட்டு நிக்காமல் இதுக்குள்ள இறங்கினா எது பிழைச்சதெண்டே தெரியாது. நான் இறங்கினனான், ஒரு வருசம் போச்சு.

கரையில இருக்கிற புள்ளியளை வைச்சு டயமண்ட் கணக்குச் சொல்லுறாங்கள், உண்மையா?

உண்மை. டேபிள் முழுக்க 18 புள்ளி, அலங்காரத்துக்கு இல்லை. ஒரு கரைக் கிக்குக்கு, கரைக்கு அங்கால கண்ணாடியில தெரியிற மாதிரி இலக்கை நினைச்சு அடிக்கிறது லேசு. ஓங்கி அடிச்சா கோணம் குறுகும், மட்டான வேகத்தில உருட்டுங்கோ. மூண்டு கரைக் கணக்கெல்லாம் நல்ல ரப்பருக்கு. எங்கட டேபிள்ல போட்டா மேல சொன்ன அதே கதைதான், கணக்குச் சரி, விடை பிழை.

ட்ரில் அடிக்க விசராக் கிடக்கு, மேட்ச் விளையாடினா காணாதா?

காணாது. மேட்ச்ல ஒரு கஷ்டமான ஷாட் ஒருக்காத்தான் வரும், பிழைச்சா அது போச்சு. ட்ரில்ல அதே ஷாட்டை இருபது தரம் அடிக்கலாம். பந்து இருந்த இடத்தில ஒரு சின்ன வட்ட ஸ்டிக்கர் ஒட்டுங்கோ, முடிஞ்சு போகேக்க கழட்ட மறக்காதேங்கோ, ஒருக்கா மறந்துபோய் ரெண்டு கிழமை எனக்கு அங்க தடை. இருபது நிமிசத்துக்கு மேல வேண்டாம், பிறகு மேட்ச் விளையாடுங்கோ.

தனிய அடிக்கேக்க எல்லாம் போகுது, ஆக்களோட விளையாடேக்க ஒண்டும் போகுதில்ல

தனிய அடிக்கேக்க ஒரு ஷாட்டுக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறீங்கள், மேட்ச்ல எவ்வளவு எண்டு ரெண்டையும் எடுத்துப் பாருங்கோ. என்ர கிளிப்ல தனிய ஐஞ்சு தரம் கியூவை ஆட்டிப்போட்டு அடிக்கிறன், மேட்ச்ல ரெண்டு தரம், குனியிறதும் அரைகுறை. பக்கத்தில நிக்கிறவன் "டக்கெண்டு அடி மச்சான்" எண்டா அதுவும் போச்சு. ஆட்டுற எண்ணிக்கையை ஒண்டாக்கினதிலேயே கொஞ்சம் சரிவந்துது.

காசு கட்டி ஒன்லைன் கோர்ஸ் வாங்கலாமா?

நீங்கள் அனுப்புற விடியோவைப் பாத்துத் திருத்தித் தாற கோர்ஸ் எண்டா யோசிக்கலாம், முதல் கேள்வியில சொன்ன குறை அதுதானே. வெறும் விடியோ மட்டும் விக்கிறவங்களுக்குக் குடுக்கிற காசுக்கு ஒரு நல்ல கியூ நுனியும் கையுறையும் வாங்குங்கோ.

விடியோல ஃபவுல் எண்டா வெள்ளையை எங்கயும் வைக்கிறாங்கள், இங்க ரெண்டு ஷாட் எண்டுறாங்கள், எது சரி?

சர்வதேச எட்டுப்பந்து விதியில ஃபவுல் எண்டா எதிராளி வெள்ளையைக் கையில எடுத்து டேபிள்ல எங்கயும் வைக்கலாம். ரெண்டு ஷாட் எண்டுறது பிரிட்டிஷ் பப் விளையாட்டுப் பழக்கம், இங்க ரெண்டும் கலந்து கிடக்குது. தொடங்க முதலே கேட்டு வையுங்கோ. சோடாவுக்குப் பந்தயம் எண்டா கட்டாயம் கேளுங்கோ.

அண்ணா, இவ்வளவும் சொல்லுறீங்கள், நீங்கள் இப்ப எப்பிடி?

எட்டுப்பந்தில நல்ல நாள்ல எட்டும் வரிசையாப் போட்டிருக்கிறன், கெட்ட நாள்ல பதினாறு வயசுப் பொடியனிட்ட அடிவாங்கியிருக்கிறன். முழங்கை சரியாப் போச்சு. நேற்று எடுத்த கிளிப்ல தலை இன்னும் எழும்புது, ஒரு மூண்டு விரற்கடை.